கடமை முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது?

"மூத்தவன் கனடாவில, இளையவள் லண்டனில. ரெண்டு பேரும் கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியோட இருக்கினம். எங்கட கடமை முடிஞ்சுது. இனி ஆண்டவர் கூப்பிடேக்க போறதுதான்."

யாழ்ப்பாணத்தில் அறுபது தாண்டிய கிறிஸ்தவர்களின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வருவதற்கு முன்னமே இந்த வசனம் வந்துவிடும். சொல்கிறவரின் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கேட்டிருப்பவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். பங்குத்தந்தையோ போதகரோ பக்கத்தில் இருந்தால் அவரும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை.

கேட்பதற்கு இது பக்தியான பேச்சுப் போலத்தான் இருக்கும். ஆண்டவர் வருகிறார், அழைப்பு வருகிறது, அமைதி வருகிறது. ஆனால் உள்ளே இருப்பது வெறும் குடும்பக் கணக்கு. பிள்ளைகளைப் படிப்பித்தது, உத்தியோகம் எடுத்துக் கொடுத்தது, சீதனம் சேர்த்தது, ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு அனுப்பியது. இந்த வரவு செலவு முடிந்த அன்றே ஒரு மனிதரின் வாழ்வுக்குரிய காரணமும் முடிந்துவிட்டது என்று ஏட்டை மூடிவிடுகிறோம். மிச்சமிருக்கும் இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு என்ன? செபம், மருந்து, வாட்ஸ்அப்.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பென்சன் வீட்டுக்காரர் என்பதையும் கவனிக்க வேண்டும். குருநகரிலோ பாசையூரிலோ கரைப்பக்கம் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போகத் தெம்பில்லாத கிழவர் மர நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். "இனி என்ர கடமை முடிஞ்சுது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மாதம் பிறந்தால் வங்கிக்குக் காசு வருகிற வீடுகளில் முளைத்த தத்துவத்தை நாங்கள் வேதம் ஆக்கிவிட்டோம்.

வேதம் என்று வந்துவிட்டதால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறப்போம். கடமை முடிந்த கட்சியின் காவல் தெய்வம் அங்கேதான் நிற்கிறார். சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, கண்டது போதும், இனி அடியேனை அமைதியோடு போகவிடும் என்ற பொருளில் மன்றாடுகிறார். அந்த மன்றாட்டு திருச்சபையின் இரவுச் செபத்தில் ஏறிவிட்டது. முதியவர்களைச் சந்திக்கப் போகிற குருமாருக்கும் அதுதான் கைக்கு வாகான வசனம். ஆனால் சிமியோன் கிழவர் என்று லூக்கா ஓர் இடத்திலும் எழுதவில்லை. வெள்ளைத் தாடி வைத்துவிட்டவர்கள் படம் வரைந்தவர்கள். வயது சொல்லப்படுவது அதே ஆலயத்தில், அதே வேளையில் வந்து நிற்கும் அன்னாளுக்குத்தான். 84 என்ற எண் அவரோடு வருகிறது. கைம்பெண், ஆலயமே கதியென்று கிடந்தவர், நோன்பும் செபமுமாக இருந்தவர். எங்கள் பெரியவர்களுக்கு நாங்கள் விதிக்கிற வாழ்வு இதுவரை சரி. அடுத்ததாக அவர் செய்ததை மட்டும் நாங்கள் வாசிப்பதில்லை. விடுதலைக்குக் காத்திருந்த எல்லாரிடமும் போய் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். இடையர்களுக்கு அடுத்தபடியாகச் செய்தியைக் கொண்டு திரிந்தவர் இந்தக் கிழவிதான். ஒரே காட்சியில் இரண்டு பேர் நிற்க, போகிறவரைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறவரைக் கைவிட்டோம். பழைய ஏற்பாட்டுக் காலேபும் இப்படித்தான் கைவிடப்பட்டவர். 85 வயதில் யோசுவாவிடம் போய் அவர் கேட்டது ஆறுதலான ஒரு மூலையை அல்ல. இன்னும் பிடிபடாத மலைநாட்டை.

பலஸ்தீனம் தூரம் என்றால் உடுவிலுக்கு வருவோம். எலைசா அக்னியூ 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திரப் பாடத்தில் இருந்தபோது, மிஷனரியாகப் போவதென்று முடிவு எடுத்தவர். ஆனால் பெற்றோரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் கண்மூடும்வரை வீட்டில் நின்றார். 1840இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது முப்பதைத் தாண்டிவிட்டிருந்தார். எங்கள் ஊர் வாயில் அது "இனி என்ன கிடக்குது" என்று சொல்லப்படும் வயது, அதுவும் கலியாணம் கட்டாத பெண்ணுக்கு. அவருடைய மெய்யான வாழ்வு அங்கிருந்துதான் தொடங்கியது. உடுவில் பெண்கள் பாடசாலையை 1879வரை, ஏறக்குறைய நாற்பது வருடம் நடத்தினார். தன்னிடம் படித்தவர்களின் பேத்திமாருக்கும் படிப்பித்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். கரைசேர்க்க ஒரு பிள்ளையும் இல்லாத அந்த மனுஷிக்கு, எங்கள் கணக்கின்படி, முடிப்பதற்கு ஒரு கடமையே இருந்திருக்கக் கூடாது.

மானிப்பாய் என்றதும் வைத்தியர் சாமுவேல் கிறீனை விட்டுப் போக முடியாது. மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கியவர். 1873இல் உடல் இடம்கொடாமல் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டருக்குத் திரும்பினார். வயது ஐம்பதுக்கு மேல், நோயாளி, இருபத்தைந்து வருடத்துக்கு முன் தொடங்கிய பணி பின்னால் இருக்கிறது. சாய்மனைக் கதிரையில் இருந்து பழைய கதை சொல்ல இதைவிட நல்ல சாட்டு வேண்டுமா? அவர் அங்கே இருந்துகொண்டே தமிழ் வைத்திய நூல்களைத் தொடர்ந்தார். கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய்வந்தன. இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' அச்சானது 1875இல், அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு. 1884இல் சாகும்வரை அந்த வேலையை விடவில்லை. மிஷனரிமாருக்குப் புகழ்மாலை கட்டுவது என் நோக்கமல்ல. சாதி விஷயத்தில் அவர்கள் கோட்டை விட்டதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் வேலை எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு அவர்கள் வாழ்ந்து காட்டிய பதில் எங்கள் பதில் அல்ல.

மண்ணின் பிள்ளைகளிலும் ஆள் இல்லாமல் இல்லை. மானிப்பாயில் 1875இல் வைத்திலிங்கமாகப் பிறந்தவர், ரயில்வே எழுதுவினைஞர் உத்தியோகத்தை உதறிவிட்டு 1901இல் குருவானவர் ஆனார். ரயில்வே உத்தியோகம் என்றால் அந்த நாளில் பொன்முட்டை. அதை விட்டது முதலாவது திருப்பம். சுவாமி ஞானப்பிரகாசரைப் பொறுத்தவரை எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடும் ஒப்பியல் அகராதியின் முதற்பகுதி 1938இல் வெளிவந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் முடியாத வேலை அது. 1947இல் அவர் போனபோது முடியாமலேயே கிடந்தது. முடிக்க முடியாதென்று தெரிந்த ஒன்றை அந்த வயதில் தொடங்குகிறவரின் வாயில் 'கடமை முடிஞ்சுது' எப்படி வரும்?

தனிநாயகம் அடிகளின் கதை வேறு மாதிரி. கரம்பொனில் 1913இல் பிறந்து ரோமாபுரியில் 1938இல் குருப்பட்டம் பெற்றவர். எங்கள் பாஷையில் சொன்னால் வாழ்க்கை 'செற்றில்'. தென் தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் படிப்பிக்கப் போன இடத்தில்தான் தன் தாய்மொழியைத் தான் சரியாகப் படிக்கவில்லை என்பது உறைத்தது. முப்பதைத் தாண்டிய குருவானவர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' சஞ்சிகை, 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூர் மாநாடு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. விசுவாசம் அவருக்கு ஒரு தடவை மட்டும் வேலை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை.

இதெல்லாம் பெரிய மனிசர் கதை, முழங்கால் நோவோடு படலைவரை நடக்கவே கஷ்டப்படுகிற எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் கண்ட ஓர் ஆளைச் சொல்கிறேன்.

எண்பதை எட்டியவர். 1983க்கு முன் கொழும்பில் எழுதுவினைஞர். மனைவி போனபிறகு பூசைக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இல் எழுதி வைத்தாலும் அரச கடிதங்களில் எத்தனையோ இன்னும் சிங்களத்தில் வருகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அது வாசிக்கத் தெரியாது. தெற்கில் வேலை பார்த்த அந்தத் தலைமுறைக்குத் தெரியும். பங்கில் ஒரு பெண் காணிக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு முழித்தபோது குருவானவர் இவரிடம் அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது. இப்போது ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் வளவுச் சீமெந்து வாங்கில் இருப்பார். மண்ணிறக் கடித உறைகளோடு சனம் வரும். முதலில் கடிதம் முழுவதையும் வாய்க்குள் வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார். கேட்டதை அவர்களைக்கொண்டே திருப்பிச் சொல்லுவிப்பார். பதில் அனுப்பவேண்டிய கடைசித் திகதியை உறையின் மேல் பெரிய இலக்கத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவார். காணாமல் போன மகனைப் பற்றிய கடிதம் என்றால் வாசிக்க முன்னம் அந்தத் தாயை இருக்கச் சொல்வார்.

இந்த மனிதருக்குக் காட்சி வரவில்லை, குரல் கேட்கவில்லை, கன்வென்ஷன் மேடையில் ஏறிச் சாட்சி சொல்லவும் இல்லை. நாற்பது நாளில் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அமெரிக்கப் புத்தகத்தையும் அவர் படித்திருக்க மாட்டார். ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்டார். கிறிஸ்தவத்தில் நோக்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தனியே இருந்து யோசித்து எடுப்பது குறைவு. யாரோ கூப்பிடுவதால் எழும்புவதே அதிகம். எங்கள் சபைகள் அறுபது வயதோடு நிறுத்துவது இந்தக் கூப்பிடுதலைத்தான். தேவ அழைத்தலுக்காகச் செபிக்கும் ஞாயிறில்கூடக் கண் வாலிபர் வாங்குகளைத்தான் பார்க்கிறது.

முதியோருக்கு நாங்கள் ஒன்றும் செய்வதில்லையா என்று பங்குச் சபையினர் கோபிப்பார்கள். செய்கிறீர்கள். முதியோர் தினமான ஒக்ரோபர் முதலாம் திகதியை ஒட்டி முன்வரிசையில் கதிரை போட்டு, பொன்னாடை போர்த்தி, சிறுவர்களைக்கொண்டு ஒரு பாட்டு, ஆளுக்கொரு ரோல்ஸும் கேக் துண்டும். கண்ணாடி அலுமாரியில் வைத்த பீங்கான் கோப்பைகளை வருடத்துக்கு ஒருமுறை துடைத்து வைப்பது போல. அந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்குள் கணிதம் படிப்பித்தவர் இருக்கிறார், மருத்துவிச்சி இருக்கிறார், கீர்த்தனைகளின் பழைய மெட்டுத் தெரிந்தவர் இருக்கிறார். அவர்களிடம் அன்றைக்கு யாராவது ஒன்றையாவது கேட்டீர்களா?

பிள்ளைகளின் பங்கு இன்னும் மோசம். "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், பேசாம இருங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து கட்டளை வரும். அது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா பேசாமல் இருக்கவில்லை. மாடி வீட்டுக்குக் காவல் இருக்கிறார். கமெரா நாலு மூலையிலும் பூட்டியாயிற்று. தாங்கி நிரம்பி வழிந்தால் அங்கிருந்து அழைப்பு வரும். ஓய்வு என்ற பெயரில் சம்பளமில்லாத காவலாளி வேலை கொடுத்துவிட்டு, அதற்குமேல் செபமாலை ஒன்றையும் கையில் கொடுத்திருக்கிறோம்.

பலமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தத் தலைமுறை பட்டது போதாதா? 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்ததைக் கண்டவர்கள், அந்த ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள், பெற்ற பிள்ளையைப் புதைத்தவர்கள். ஆறுதலாக இருக்க விடக்கூடாதா? விடலாம், விடத்தான் வேண்டும். களைத்தவரை எழுப்பிக் குழுக் கூட்டத்துக்கு இழுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. முதியவரை இலவச வேலையாளாக்குவது இதே தப்பின் மறுபக்கம். ஆனால் ஓய்வை அவர் தெரிந்தெடுக்க வேண்டும். நாங்கள் தீர்ப்பாக வாசிக்கக் கூடாது. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 27 வருடத்துக்குப் பிறகு 2017 யூலையில் இராணுவத்தின் கையிலிருந்து விடுபட்டபோது, பற்றைக்குள் புகுந்து எல்லையையும் கிணற்றையும் காட்டியவர்கள் ஆர்? முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மண் தெரியாது. எல்லாம் பட்டவர்கள்தான் முன்னால் போனார்கள்.

படுக்கையில் இருப்பவர் என்ன செய்வார் என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். நற்கருணையோடு வீடுவீடாகப் போகிற குருவானவர் ஒரு தாளையும் கொண்டுபோகட்டும். இந்த வருடம் ஓ.எல். எடுக்கிற நாலு பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை கூப்பிட்டு, படிப்பு எப்படி, சாப்பிட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது என்று கேட்கப் படுக்கையில் இருந்தபடியே முடியும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

இதற்குப் புது மண்டபம் வேண்டாம், வெளிநாட்டுக் காசும் வேண்டாம். பங்குப் பணிமனையில் ஒரு கொப்பி போதும்: ஆருக்கு என்ன தெரியும், எந்த நேரம் வசதி, என்ன செய்ய விருப்பம், என்ன செய்ய விருப்பமில்லை. வீடுவீடாகப் போய் ஒரு வருடம் கேட்டுப் பாருங்கள். கேட்டும் ஒருவரும் அசையவில்லை என்றால், இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வருடமும் பொன்னாடை வாங்குங்கள்.