எட்டு மாடிச் சேரி

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முன்பணம், தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் மெல்லக் கேட்பார்: "அசைவம் சாப்பிடுவீங்களா?" அவர் கேட்பது சாப்பாட்டை அல்ல. பதில் சொன்னதும் ஊரிலிருந்து தம்பி குடிவரப் போவதாக அவருக்கு நினைவு வந்துவிடும். நானும் அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வாளர் என்பது வாசற்படி வரைக்கும்தான் உதவியது.

ஆனால் இது வாடகை கொடுக்க முடிந்தவர்களின் கதை. முடியாதவர்களை ஊருக்கு வெளியே வைக்கும் வேலையை அரசே செய்கிறது.

2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நகரத்தைக் கூட்டுகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். இதில் இரண்டு கழக ஆட்சிகளுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு வைத்த பெயர் 'மறுகுடியமர்வு'.

வீடு இலவசம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தே போய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து உதவுகிறது, மறுக்கவில்லை. போக வரக் கரையும் மூன்று மணி நேரத்துக்கு யார் கூலி தருவது? சர்க்கரை நோய்க்குப் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இப்போது அது ஒரு முழுநாள் வேலை. அன்றைய சம்பளம் போச்சு. எனவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். லிஃப்ட் பழுதானால் எட்டாவது தளத்தில் இருக்கும் முதியவர் கீழே இறங்குவதே இல்லை. நோய் முற்றிய பிறகு இதை 'விழிப்புணர்வுக் குறைவு' என்று எழுதும் பொது சுகாதார அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சொன்ன காரணம் இன்னும் வேடிக்கை. நீர்நிலை ஆக்கிரமிப்பு, வெள்ள ஆபத்து என்று ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். எங்கே? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிக்கு. அதே சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை.

நகரத்துக்குள் இடமில்லை என்பார்கள். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப காலத்தில் நொச்சிக்குப்பம் போன்ற பகுதிகளில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயேதான் அடுக்குமாடிகளைக் கட்டியது. 1971 சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் அங்கிருப்பவர்களை வெளியேற்ற முடியாது. அந்த ஆண்டு 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் 17. பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் நீளவே இல்லை. அறிவிக்காவிட்டால் குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர். ஜேசிபிக்கு வழி சுலபம்.

2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். பெயரிலிருந்து குடிசை போய்விட்டது. நாம் கேட்க வேண்டியது அந்தப் பழைய பட்டியலை: விடுபட்ட ஒவ்வொரு பகுதியையும் அதில் சேர்த்து அறிவியுங்கள், அதுவரை ஒரு வீட்டையும் இடிக்காதீர்கள்.