குறை காணப்படவில்லை

பழுதுகளில் இரு வகை உண்டு. ஒன்று, எப்போதும் இருப்பது. விசையை அழுத்தினால் விளக்கு எரியாது, நாளையும் எரியாது, பழுதுபார்க்க வருபவர் முன்னிலையிலும் எரியாது. அதை நேர்மையான பழுது எனலாம். மற்றொன்று வந்து வந்து போவது. பழுதுபார்ப்பவர் வாசலில் காலெடுத்து வைத்ததும் அது ஒளிந்துகொள்கிறது. அவர் படியிறங்கிப் போன பின் மீண்டும் தலைகாட்டுகிறது. முதல் வகையில் பொருள்தான் சோதனைக்குள்ளாகிறது. இரண்டாம் வகையில் சோதனைக்குள்ளாவது பொருளை வைத்திருப்பவரின் சொல்.

சமையலறை அலமாரிக்குள் பொருத்தப்படும் புதிய ஓவன் ஒன்றை முன்வைத்து இந்த இரண்டாம் வகை பற்றிச் சிலவற்றைச் சொல்ல விழைகிறோம். இலக்கிய வாசகருக்கு ஓவனில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவர் கண்டதைச் சொல்லும்போது மற்றவர் எதைக் கொண்டு நம்புகிறார், எதைக் கொண்டு மறுக்கிறார் என்னும் கேள்வி இலக்கியத்துக்குப் புதிதல்லவே.

நாங்கள் வசிக்கும் இங்கிலாந்தில் அலமாரிக்குள் பதிக்கப்பட்ட ஓவன் பல சமையலறைகளில் இருப்பது. எங்கள் வீட்டுக்கு வந்தது புத்தம்புதியது. விற்ற கடையின் ஆட்களே பொருத்திக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் தொடங்கியது தொல்லை. சில நாட்களில், சமையல் பாதி நடக்கையில், வெப்பம் நின்றுவிடும். உள்விளக்கு எரியும், விசிறி சுழலும், கடிகாரம் ஓடும். சூடு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். இருபது நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் சூடேறும். வேறு சில நாட்களில் எந்தக் குறையும் இராது.

உத்தரவாதத்தின் பேரில் மெக்கானிக் வந்தார். ஓவனை அலமாரியிலிருந்து வெளியே இழுத்து வைத்தார். காலியாகவே கால் மணி நேரம் ஓட்டினார். வெப்ப உணரியின் மின்தடையை அளந்தார். இருக்கவேண்டிய அளவே இருந்தது. ‘குறை காணப்படவில்லை’ என்று படிவத்தில் எழிதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வந்த இரண்டாமவரும் அதையே செய்தார், அதையே எழுதினார். கூடவே, கதவைச் சரியாக மூடினீர்களா, தவறுதலாக டைமரை அழுத்தியிருப்பீர்களோ என்று மரியாதையுடன் கேட்டார். இப்படி இரு முறை எழுதப்பட்டுவிட்டால், சமைப்பவரின் சொல்லை வீட்டிலுள்ளவர்களே ஐயத்தோடு கேட்கத் தொடங்குவார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த முறையும் குறை தென்படாவிட்டால் வருகைக் கட்டணம் கட்ட நேரும் என்று தொலைபேசியில் எச்சரித்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு அபராதம்!

இந்நிலையில் நாங்கள் செய்தது ஒன்றே. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினோம். தேதி, வைத்த வெப்பநிலை, எத்தனை நிமிடத்தில் நின்றது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது, மேலே அடுப்பும் எரிந்துகொண்டிருந்ததா. நிற்காத நாட்களையும் விடாமல் எழுதினோம், அதுதான் முக்கியம். மூன்று வாரங்களில் 11 முறை ஓவனைப் பயன்படுத்தியதில் 4 முறை நின்றிருந்தது. அந்த நான்கிலும் வெப்பநிலை 200 பாகைக்கு மேல். நேரம் நாற்பது நிமிடத்துக்கு மேல். 180 பாகையிலோ, அரை மணிக்கு உட்பட்ட சமையலிலோ ஒரு முறைகூட நிற்கவில்லை. அதுவரை எப்போது வருமென்று தெரியாதிருந்த பழுதுக்கு இப்போது ஓர் ஒழுங்கு புலப்பட்டது.

மூன்றாவதாக வந்தவர் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தார். ஓவனை வெளியே இழுக்கவில்லை. இருந்த இடத்திலேயே 220 பாகையில் வைத்துவிட்டு அமர்ந்தார். நாற்பத்தேழாம் நிமிடம் வெப்பம் நின்றது. காரணம் எளியது. இத்தகைய ஓவன்களின் உடலைக் குளிர்விக்க ஒரு விசிறி உண்டு; அது இழுக்கும் காற்று வந்துபோக அலமாரியில் இடைவெளி விட்டாகவேண்டும். பொருத்தியவர்கள் அலமாரியின் அடித்தட்டில் வெட்டவேண்டிய திறப்பை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பின்புறம் வெப்பம் தேங்கியதும் பாதுகாப்புக்கென உள்ள வெப்பத் துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆறியதும் தானாகவே இணைத்துக்கொள்ளும். முந்தைய இருவரும் சோதிப்பதற்காக ஓவனை வெளியே இழுத்தார்களே, அந்தக் கணமே அதற்குக் காற்று கிடைத்துவிட்டது. சோதிக்கும் முறையே பழுதைத் தற்காலிகமாகக் குணப்படுத்தியது. குணமானதைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று எழுதினார்கள்.

இது ஓவனுக்கு மட்டும் உரியதன்று. கணினியியலாளர் ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பது பற்றி 1985இல் எழுதிய அறிக்கையில் மென்பொருள் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். எப்போது தேடினாலும் அகப்படுபவை, இயற்பியலாளர் போரின் பெயரால் ‘போர்பக்’. உற்றுப் பார்க்கப்போனால் மறைபவை, ஹைசன்பர்க் பெயரால் ‘ஹைசன்பக்’. பின்னதைப் பிழையில்லை என்று எந்தப் பொறியாளரும் ஒதுக்குவதில்லை. அதற்கென ஒரு பெயரிட்டு, அது தோன்றும் சூழலைப் பதிவுசெய்யத் தொடங்குகிறார்.

மருத்துவத்துக்கு இது இன்னும் பழைய பாடம். முறைக்காய்ச்சல் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது இரு நாள் விட்டு வரும் மலேரியாக் காய்ச்சல். காய்ச்சல் இல்லாத நாளில் தொட்டுப் பார்ப்பவருக்கு உடல் குளிர்ந்தே இருக்கும். லவெரான் 1880இல் அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியில் அந்தக் கிருமியை நுண்ணோக்கியால் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காய்ச்சல் வரும் முறையைக் கொண்டே மருத்துவர்கள் அதை இனம் பிரித்திருந்தார்கள். நாள் கணக்கைச் சொன்னவர் நோயாளி. அவர் சொல்லை நம்பியதால்தான் முறை தெரிந்தது.

சில வேளை பொருளில் குறையே இராது. ஆயினும் கண்டவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். 2018 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பியக் கண்டத்தின் பல நாடுகளில் ஓவன் கடிகாரங்கள் சிறிது சிறிதாகப் பின்தங்கி, ஏறக்குறைய ஆறு நிமிடம் பிந்தின. அக்கடிகாரங்கள் மின்சாரத்தின் அதிர்வெண்ணை எண்ணி நேரம் காட்டுபவை. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கில் மின்கட்டமைப்புக்கு வரவேண்டிய மின்சாரம் குறைந்தது. 50 ஹெர்ட்ஸ் இருக்கவேண்டிய அதிர்வெண் சராசரியாக 49.996 ஆயிற்று. தன் ஓவன் கடிகாரம் பிந்துகிறது என்று சொன்ன இல்லத்தரசியின் ஓவனை ஆயிரம் முறை பிரித்துப் பார்த்திருந்தாலும் குறை அகப்பட்டிராது. பெட்டிக்குள் குறையில்லை என்பதற்கும் குறையே இல்லை என்பதற்கும் உள்ள தூரம் இங்கே சில நாடுகளின் தூரம்.

சட்டம் இதில் எந்த அளவு துணை நிற்கிறது? பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தாராளமானதே. குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பொருளைக் கையளித்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. விற்றவரே பொருத்தித் தருவது ஒப்பந்தமாயின், தவறாகப் பொருத்துவதும் பொருளின் குறையாகவே கருதப்படும். ஆனால் இச்சட்டம் நுகர்வோரிடமிருந்து இறக்கி வைப்பது, குறை எப்போதிலிருந்து இருக்கிறது என்று நிறுவும் சுமையை மட்டுமே. குறை இருக்கிறது என்று காட்டும் சுமை அவர் தலையில்தான். விட்டுவிட்டு வரும் பழுதில் மொத்தக் கனமும் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சோதித்தாலன்றித் தெரியாத குறையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும், அலமாரிக்குள் மூச்சுத் திணறும் ஓவன் ஆய்வுக்கூட மேசையில் நன்றாகவே மூச்சு விடும்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஒரு நாளில் பல வீடுகளுக்கு ஓடவேண்டிய மனிதர், ஓரிடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க அனுமதிக்கப்படுவதில்லை. வாடிக்கையாளர்களில் சிலர் கையேட்டைப் புரட்டாமலே புகார் சொல்வதும் உண்டு. நாம் மறுப்பது அந்தப் படிவத்தை. ‘குறை கண்டேன்’, ‘குறை காணப்படவில்லை’ என்று இரு கட்டங்களே அதில் உள்ளன. இரண்டாவது கட்டம், அலுவலகத்தை அடையும்போது ‘குறை இல்லை’ என்றும், வாடிக்கையாளரை அடையும்போது ‘நீங்கள் சொன்னது பொய்’ என்றும் உருமாறிவிடுகிறது. கால் மணி நேரச் சோதனை சொல்லக்கூடியது கால் மணி நேரத்தைப் பற்றி மட்டுமே.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: ‘இன்று, இந்தச் சூழலில், இவ்வளவு நேரம் பார்த்ததில் தென்படவில்லை’. அதன் கீழே எந்த வெப்பநிலையில், எத்தனை நிமிடம், அலமாரிக்குள்ளா வெளியிலா சோதிக்கப்பட்டது என்று எழுத இடம் வேண்டும். வாடிக்கையாளரின் குறிப்பையும் அதனுடன் இணைக்க வேண்டும். மூன்று கால் மணி நேர வருகைகளைவிட ஒரு மணி நேர வருகை ஒன்று நிறுவனத்துக்கும் மலிவானதே.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு சொல். எழுதி வையுங்கள்; நிற்கும்போது கைபேசியில் படமெடுங்கள். ஆனால் எல்லாப் பழுதையும் காத்திருந்து பதிவுசெய்யலாகாது. கருகல் வாடை வந்தாலோ, பிளக்கோ சுவரோ சுட்டாலோ, வீட்டு மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்பட்டாலோ, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே மின்பணியாளரை அழைக்க வேண்டும். தளர்ந்த மின்னிணைப்பும் விட்டுவிட்டே தொல்லை தரும். அது நெருப்பில் முடியக்கூடியது. அந்நிலையில் ‘முன்பு வந்தவர் குறையில்லை என்றாரே’ என்று நம் கண்ணையும் மூக்கையும் நாமே ஐயுற்று வாளாவிருப்பதைவிடப் பேதைமை இல்லை.

ஒரு வீட்டில் நாள்தோறும் சமைப்பவர் அந்த ஓவனை நூறு மணி நேரம் பார்த்திருக்கிறார். வல்லுநர் பார்த்தது கால் மணி நேரம். வல்லுநரின் அறிவு பெரிது, ஐயமில்லை. ஆனால் அந்த அறிவு வேலை செய்ய வேண்டிய பொருள் சமைப்பவரின் கண்ணில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளாதவரை அவரது கருவிகள் அனைத்தும் நல்ல நாளை மட்டுமே அளந்துகொண்டிருக்கும்.