இரண்டரை மில்லிமீட்டர் பலகை... நாற்பது கிலோ இழுவை!

போன வாரம் கீபோர்டு பத்திப் பேசினதும், 'அப்ப கிடார் எங்கே?'ன்னு ஏகப்பட்ட மெயில். இதோ வந்தாச்சு! ஆனா ஒரு சின்ன கண்டிஷன். கல்ச்சுரல்ஸ் மேடையில் ஆம்ப்ளிஃபயரை அலற விடுற எலெக்ட்ரிக் கிடாருக்கு இன்னொரு வாரம் ஒதுக்கலாம். இந்த வாரம் கிளாசிக்கல் கிடார். நைலான் ஸ்ட்ரிங் போட்டு, பிக் இல்லாம, வெறும் விரலால வாசிக்கிற சாது ஜாதி!

கடைக்குப் போனா கிளாசிக்கலும், ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்ட அக்கூஸ்டிக்கும் பக்கத்துப் பக்கத்துல தொங்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஆனா உள்ளே கட்டுமானம் மொத்தமும் வேற. இது தெரியாமத்தான் பல கிடார்கள் ஒரு செமஸ்டர்கூடத் தாண்டாம பரணுக்குப் போயிடுது.

ஹாஸ்டலில் ஒரு 'படார்!'

எங்க ஹாஸ்டல்ல ஒரு செகண்ட் இயர் தம்பி. அம்மா சீட்டு எடுத்த பணத்துல ஒரு கிளாசிக்கல் கிடார் வாங்கினான். நல்லாத்தான் வாசிச்சுட்டிருந்தான். ஸ்ட்ரிங் பழசாச்சுன்னு பக்கத்துல ஒரு கடைக்குக் கொண்டுபோக, 'தம்பி, இதுக்கு ஸ்டீல் போட்டா சத்தம் கணீர்னு வரும்'னு சொல்லி மாட்டிக் கொடுத்துட்டாங்க. கணீர்னுதான் வந்தது... நாலு நாளைக்கு! அஞ்சாம் நாள் ராத்திரி, எல்லாரும் தூங்கும்போது 'படார்!' லைட் போட்டுப் பார்த்தா, பிரிட்ஜ் பேர்த்துக்கிட்டு வந்து ஸ்ட்ரிங்கில் தொங்குது. அடியில் இருந்த பலகையும் ஒரு துண்டு பிய்ஞ்சு வந்திருக்கு. அவன் அழலை. ஆனா வீட்டுக்கு போன் பண்ணவும் இல்லை. அதுதான் எங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது.

ஏன் இப்படி ஆச்சு? நம்ம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் போதும். கிளாசிக்கல் கிடாரின் முன்பக்கப் பலகை - 'டாப்'னு சொல்வாங்க - சுமார் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஆறு நைலான் ஸ்ட்ரிங்கும் சுருதி சேர்ந்து நிற்கும்போது மொத்தமா சுமார் 40 கிலோ இழுக்கும். அந்த இழுவை முழுக்க, பசை போட்டு ஒட்டின அந்தச் சின்ன பிரிட்ஜ் வழியா இந்த மெல்லிய பலகைக்குத்தான் போகுது. ஸ்டீல் ஸ்ட்ரிங் செட் போட்டா? சுமார் 70 கிலோ! ஸ்டீலுக்குன்னு செய்த கிடாரில் உள்ளே கனமான தாங்கு சட்டங்கள் 'X' வடிவத்தில் இருக்கும். கழுத்துக்குள்ள இரும்புக் கம்பியும் ஓடும். கிளாசிக்கலில் இருப்பது விசிறி மாதிரி விரியும் மெல்லிய குச்சிகள்தான்.

ஸோ, இதை மட்டும் மனசுல எழுதி வெச்சுக்கங்க: உங்க கையில் இருப்பது, எந்நேரமும் 40 கிலோவோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கும் ஒரு மெல்லிய பலகை. கிடாரை எப்படித் தேர்ந்தெடுக்கணும், எப்படிப் பாதுகாக்கணும், எப்படி வாசிக்கணும்... எல்லாமே இதிலிருந்துதான் வருது.

காகித அட்டையில் ஒரு கிடார்!

இன்னிக்கு நாம பார்க்கிற கிளாசிக்கல் கிடாரின் அளவையும் வடிவத்தையும் நிலைநிறுத்தியவர், ஸ்பெயினின் அல்மேரியா ஊரைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817 - 1892). விசிறிச் சட்ட அமைப்பை அவர் கண்டுபிடிக்கலை. ஆனா அதைச் சீராக்கி, இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் பின்பற்ற வெச்சவர் அவர்தான். 1862-ல் மனுஷன் ஒரு சோதனை பண்ணினார். டாப் மட்டும் நல்ல மரம். பக்கமும் முதுகும் காகிதக் கூழ் அட்டை! 'சத்தத்தோட உயிர் டாப்பில்தான் இருக்கு'ன்னு நிரூபிக்கத்தான் இந்த வேலை. நம்ம லேப்ல ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாத்திப் பார்ப்போமே... அதேதான். அந்தக் கிடார் இன்னிக்கும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் பத்திரமா இருக்கு.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? காசை டாப்பில் போடுங்க. பளபள பாலிஷிலும், ஓட்டையைச் சுத்தி ஒட்டின பூ டிசைனிலும் போடாதீங்க.

டாப்புக்கு வழக்கமா ரெண்டு மரம். ஸ்ப்ரூஸ், வெளிர் நிறம், தெளிவான நாதம். வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும்னு சொல்வாங்க. சீடார், செம்பழுப்பு நிறம், முதல் நாளே இதமா, கனிவாப் பேசும். எது உசத்தின்னு சண்டை போட்டா விடியாது. உங்க காதுக்கு எது பிடிக்குதோ அதுதான்.

அதைவிட முக்கியம், டாப் ஒரே பலகையா, ப்ளைவுட்டா என்பது. சவுண்ட் ஹோலின் விளிம்பை உத்துப் பாருங்க. மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கினா ஒரே பலகை. சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிஞ்சா ப்ளைவுட். ஒரே பலகை நல்லா அதிரும், விலை கூட. ப்ளைவுட்டில் நாதம் கொஞ்சம் மட்டு. ஆனா வெயிலுக்கும் மழைக்கும் சீக்கிரம் விரிசல் விடாது. யமஹா சி40 மாதிரி ஆரம்ப மாடல்கள் ப்ளைவுட் டாப்தான். ஹாஸ்டல் ரூமுக்கு முதல் கிடாரா அது ஒண்ணும் மோசமில்லை.

இன்னொரு விஷயம் தெரியுமா? உலகத்தின் பெரிய பெரிய கிடார்களுக்கு முதுகாக இருப்பது நம்ம ஊர் ஈட்டி மரம்! நீலகிரி, வயநாடு, குடகு காடுகளில் வளர்கிற அதே தோதகத்திதான். பிரேசில் ரோஸ்வுட் அழியும் நிலைக்குப் போனதால், 1992-ல் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. அதன் இடத்தில் ஏற்கெனவே கால் ஊன்றியிருந்தது நம்ம ஈட்டி. 2017-ல் ரோஸ்வுட் இனங்கள் மொத்தத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. 2019-ல், செய்து முடிச்ச இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. ஸோ, 'இது ரோஸ்வுட் சார்'னு கடைக்காரர் பெருமையா சொன்னா, நீங்களும் பெருமையா ஒரு சிரிப்பு சிரிச்சு வைங்க.

கடையில் பத்து நிமிஷம்

கிடார் தெரிஞ்ச ஃப்ரெண்டைக் கூட்டிப் போறது நல்லது. யாரும் கிடைக்கலையா? இதை மட்டும் செய்ங்க.

* நெட்டின் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டு, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி பாருங்க. வளைஞ்சு முறுக்கிக்கிட்டு இருந்தா வேணாம்.

* ஒரு விசிட்டிங் கார்டை பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில் மெதுவா நுழைச்சுப் பாருங்க. உள்ளே போனா, பிரிட்ஜ் கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம்!

* ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டுங்க. எங்கேயும் 'ஜிர்ர்' கேட்கக் கூடாது.

* பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஸ்ட்ரிங்கை விரலால் லேசா தொட்டுத் தட்டினா, மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அடுத்து, அதே ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டுங்க. ரெண்டும் ஒரே சுருதியில் இருக்கணும். இல்லைன்னா எவ்வளவு ட்யூன் பண்ணாலும் அந்தக் கிடார் உங்களை ஏமாத்தும்.

* பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கோட உயரம், மெல்லிய பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், தடிச்ச பக்கம் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கலாம். அதுக்கு மேல போனா விரல் வலிச்சு, பத்தே நாளில் கிடார் கட்டிலுக்கு அடியில் போயிடும்.

முழு அளவு கிளாசிக்கலில் ஸ்ட்ரிங்கின் நீளம் 650 மில்லிமீட்டர். நெட் தலைப்பக்கம் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீல் கிடாரைவிட அகலம்தான். விரல்களுக்குத் தனித்தனி இடம் கொடுக்கத்தான் அந்த அகலம். கை சின்னதா இருந்தா முக்கால் சைஸும் கிடைக்கும். வெட்கப்படாம கேளுங்க.

பட்ஜெட் டைட்டா? மே மாசம் ரூம் காலி பண்ணுற ஃபைனல் இயர் சீனியர்களைப் பிடிங்க. நல்ல கிடார் பாதி விலைக்குக் கிடைக்கும். மேலே சொன்ன டெஸ்ட் எல்லாம் அதுக்கும் உண்டு. சீனியர்னு பார்த்து விட்டுடாதீங்க!

மரம்ப்பா... மூச்சு விடும்!

பலகை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பும், விட்டுச் சுருங்கும். கிடாருக்கு 45-லிருந்து 55 சதவிகிதம் ஈரப்பதம் இருந்தா சுகம். சென்னைக் கடற்காற்றில் பெரும்பாலான நாட்கள் 70-ஐத் தாண்டும். அப்ப டாப் உப்பி, ஸ்ட்ரிங் உயரம் கூடும். நாள் முழுக்க ஏ.சி. ஓடுற ரூமில் தலைகீழ். மரம் காய்ஞ்சு சுருங்கும், ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டிக்கிட்டுக் கையைக் கிழிக்கும், முத்திப்போனா விரிசல். அதனால வாசிச்சு முடிச்சதும் கேஸுக்குள்ள வெச்சு மூடுங்க. கடலோர ஊர்க்காரங்க கேஸுக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க. புது ஷூ டப்பாவில் வருமே, அதேதான்!

ஈரத்தைவிட பெரிய வில்லன் வெயில். வெயிலில் நிற்கும் காருக்குள்ளயும், ஊருக்குப் போகும்போது பஸ் டிக்கியிலும் கிடாரை வைக்கவே வைக்காதீங்க. சூட்டில் பசை இளகும். அந்தப் பக்கம் 40 கிலோ காத்துக்கிட்டிருக்கு. பிரிட்ஜுக்கு அது போதும்! பயணத்துக்கு முன்னாடி ஸ்ட்ரிங்கை ஒரு சுரம் தளர்த்திட்டு, மடியில் வெச்சுக் கொண்டு போங்க.

துடைக்க, பழைய பனியன் துணி போதும். தேங்காய் எண்ணெய், ஃபர்னிச்சர் பாலிஷ்... நோ! தினமும் வாசிச்சதும் ஸ்ட்ரிங்கில் இருக்கும் வியர்வையைத் துடைங்க. தடிச்ச மூணு ஸ்ட்ரிங்கில் நைலான் இழைகளுக்கு மேல உலோகச் சுற்று இருக்கு. அதுதான் முதலில் கறுத்து மந்தமாகும். தினம் ஒரு மணி நேரம் வாசிச்சா மூணு, நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தலாம்.

மாத்தும்போது ஒவ்வொண்ணா மாத்துங்க. மெல்லிய ஸ்ட்ரிங்குகளை பிரிட்ஜில் ரெண்டு, மூணு சுற்றுச் சுற்றி, கடைசி முனை பிரிட்ஜின் பின் விளிம்புக்குக் கீழே மாட்டுற மாதிரி முடிச்சுப் போடுங்க. முடிச்சு நழுவினா சாட்டை மாதிரி சுழன்று டாப்பில் தழும்பு போடும். புது நைலான் சில நாள் நீண்டுகிட்டே இருக்கும், சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். 'கிடார் கெட்டுப்போச்சு'ன்னு பயப்படாதீங்க. அதோட சுபாவமே அதுதான்.

இந்த நைலானுக்கும் ஒரு கதை இருக்கு. முன்னாடியெல்லாம் ஆட்டுக் குடல் நரம்புதான் ஸ்ட்ரிங். இரண்டாம் உலகப்போரில் அந்த நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போக, கிடார்காரர்கள் தவிச்சுப்போனாங்க. அப்பதான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானை எடுத்து ஸ்ட்ரிங் ஆக்கினார். கிடார் மேதை ஆந்த்ரெஸ் செகோவியா அதை ஏத்துக்கிட்டதும், உலகமே 1940-களின் கடைசியில் நைலானுக்கு மாறிடுச்சு.

விரல் நாலு... நேரம் இருபது நிமிஷம்

கட்டிலில் சாய்ஞ்சுக்கிட்டு வாசிக்காதீங்க. கை இல்லாத நாற்காலியில், நுனியில் நிமிர்ந்து உட்காருங்க. இடது காலைச் சின்ன ஸ்டூலில் உயர்த்தி, கிடாரை இடது தொடையில் வைங்க. நெட் மேல்நோக்கிச் சாய்ஞ்சு, இடது கை சுதந்திரமாகும். ஸ்டூல் இல்லையா? புத்தகத்து மேல கால் வைச்சா சரஸ்வதி கோவிச்சுக்குவா... துணி சுத்தின ரெண்டு செங்கல் போதும்!

வலது கட்டைவிரல் தடிச்ச மூணு ஸ்ட்ரிங்குக்கு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மத்த மூணுக்கு. சுண்டுவிரலுக்கு லீவு. நகத்தை ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் விட்டு, மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாக்குங்க. பிசிறு இருந்தா நாதத்திலும் பிசிறு கேட்கும். பலமாத் தட்டினா நல்ல சத்தம் வரும்னு நினைக்காதீங்க. அந்தப் பலகை ஏற்கெனவே முழு இழுவையில் விறைச்சு நிற்குது. லேசாத் தூண்டினாலே போதும், பேசும்.

முதல் பயிற்சி? இத்தாலிக்காரர் மௌரோ ஜூலியானி வலது கைக்காகவே 120 பயிற்சிகள் எழுதி, 1812-ல் வெளியிட்டார். அத்தனைக்கும் இடது கையில் ரெண்டே ரெண்டு கார்டுதான்! தினம் இருபது நிமிஷம், மெதுவா, நிதானமா. அடுத்து மத்தேயோ கர்காஸியின் 25 பயிற்சிகள். அப்புறம் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் 'லாக்ரிமா'. ஒரே பக்கம்தான். ஆனா ஒழுங்கா வாசிச்சா ரூம்மேட்கூட மொபைலைக் கீழே வைப்பான்.

பரீட்சை எழுதாம இருக்க முடியாதவங்களுக்கு, லண்டன் டிரினிட்டி கல்லூரி இனிஷியலிலிருந்து எட்டாவது கிரேடு வரைக்கும் தேர்வு நடத்துது. நம்ம ஊர்லயே எழுதலாம். மாஸ்டர் தன்ராஜிடம் மேற்கத்திய இசை படிச்ச பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர், இதே டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். பேரு இளையராஜா!

எங்க தம்பி கிடார் என்னாச்சுன்னு கேட்கிறீங்களா? ஹாஸ்டல் பூரா ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, கிடார் ரிப்பேர் தெரிஞ்ச ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். பிய்ஞ்ச இடத்தில் ஒட்டு வெச்சு, பிரிட்ஜை மறுபடி ஒட்டிக் கொடுத்தார். தழும்பு இருக்கு, நாதம் இருக்கு. கேஸ் மேல மார்க்கரில் அவனே எழுதி வெச்சிருக்கான்: 'நைலான் மட்டும்!' உங்க கிடார் கேஸிலும் இன்னிக்கே எழுதிடுங்க. கடன் கேட்டு வாங்கிட்டுப் போற ஃப்ரெண்டுக்கு அது கண்ணில் படணும் இல்லையா?

அடுத்த வாரம்: மேல உட்கார்ந்துக்கிட்டே வாசிக்கிற மரப்பெட்டி... கஹோன்! வரட்டா?