கிளப் ஆட்டமா, நாட்டு ஆட்டமா?

கால்பந்தில் பார்க்கச் சுவையானது எது? கிளப்புகள் மோதுவதா, நாடுகள் மோதுவதா?

ஆட்ட நேர்த்தியில் கிளப்புக்கே முதலிடம். கிளப் வீரர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். நாட்டு அணியோ சில நாள் பயிற்சியுடன் களம் இறங்குகிறது.

ஊர்விட்டு வந்தவர்களுக்குக் கிளப் ஒரு பிடிப்பையும் தருகிறது. 1947 பிரிவினையில் வீடு வாசல் இழந்து கல்கத்தா வந்த மக்கள் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தங்கள் சொந்தமாகக் கொண்டார்கள். 1997-ல் அது மோகன் பகானை 4-1 என வென்ற பெடரேஷன் கோப்பை அரை இறுதியைக் காண லட்சம் பேருக்கு மேல் திரண்டனர்.

ஆனால் 2018 ஜூன் மாதம் மும்பை அந்தேரியில் இந்தியா சீன தைபேயை 5-0 என வென்றபோது, இருந்தவர்கள் சுமார் 2,500 பேரே! மூன்று கோல் போட்ட கேப்டன் சுனில் சேத்ரி, திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று வேண்ட நேர்ந்தது. அடுத்து நடந்த கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றது. இந்தியா 3-0 என வென்றது.

கிளப்பை ரசிப்பது தவறல்ல. நாடு ஆடும் நாளில் கேலரி காலியாகக் கிடப்பதுதான் தவறு. மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும் அந்த அணி சொந்தம்தான். கிளப்புக்குப் பல மாலைகளைத் தருகிறவர்கள், நாட்டுக்கு ஒரு மாலை தரலாகாதா?