நாலு விளக்கும் முடிச்சூர் வெள்ளமும்

1992 டிசம்பரில் வந்த ஸ்டார் ட்ரெக் எபிசோட் ஒன்று. கேப்டன் பிக்கார்டை எதிரிகள் பிடித்து வைத்து வதைக்கிறார்கள். முன்னால் எரிவது நாலு விளக்கு. "ஐந்து என்று சொல்லு, வலி நிற்கும்" என்கிறான் விசாரிக்கிறவன். (ஜார்ஜ் ஆர்வெல் நாவலில் விரலைக் காட்டி நடக்கும் அதே கூத்து.) பிக்கார்ட் மசியவில்லை. கடைசியில் "நாலு விளக்குதான் இருக்கு!" என்று கத்திவிட்டுப் போகிறார். ஆள்பவர்கள் கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கும்போது இணையத்தில் வந்து விழும் மீம் இந்த வசனம்.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2019 மே மாதம் 'ஃபிரண்ட்ஸ்' படத்து நேசமணி தலையில் விழுந்த சுத்தியல் உலக டிரெண்ட் ஆனது. மோடி இரண்டாம் முறை பதவியேற்ற நேரம் அது. உடனே இதுதான் தமிழனின் அரசியல் எதிர்ப்பு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். என்ன எதிர்ப்பு? எதை எதிர்த்து? அந்தக் கோடையில் சென்னைக்காரன் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தான் ஐயா!

சரி, அது மொக்கை, விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை அப்படி விட முடியாது. நிவாரணப் பையில் அம்மா ஸ்டிக்கர். பாகுபலி சிவகாமி மாதிரி ஜெயலலிதா வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கும் பேனர். சிரித்தோம். சிரிக்க வேண்டியதுதான். அடுத்து செம்பரம்பாக்கம் மீம்கள். ஏரியை ராத்திரியில் திறந்தது யார், யாரைக் கேட்டுத் திறந்தார்கள்? நியாயமான கேள்வி. விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைத் தணிக்கைத் துறையே 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் கிழித்துத் தொங்கவிட்டது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதற்கு அதுதான் பதில்.

முடிச்சூருக்கு?

அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம் வழியாக முடிச்சூர், வரதராஜபுரத்தை ஒட்டி வருகிறது. செம்பரம்பாக்கம் உபரிநீர் அதில் சேருவது அதற்கும் கீழே, திருநீர்மலை பக்கத்தில். ஆக, முடிச்சூரில் படகு விடவைத்தது செம்பரம்பாக்கம் தண்ணீர் இல்லை; ஆதனூர் தொட்டு மேலே இருக்கும் ஏரிகளின் உபரியும், அதற்குப் போக வழியில்லாமல் வாய்க்காலிலும் தாங்கலிலும் எழும்பிய மனைகளும்தான். அந்த மனைகளுக்கு அப்ரூவல் கொடுத்தது யார், பத்திரம் பதிந்தது யார்? இதற்கு மீம் இல்லை. போட்டால் லைக் விழாது. ஏனென்றால் இதில் திட்ட ஒரு முகம் கிடையாது. இரண்டு கட்சி ஆட்சியும் இருக்கிறது, மலிவாகக் கிடைக்கிறதே என்று கிரவுண்டு வாங்கிப் போட்ட நாமும் இருக்கிறோம்.

பிக்கார்ட் கதையில் மீம்காரர்கள் சொல்லாமல் விடும் ஒரு துண்டு உண்டு. விடுதலையாகிக் கப்பலுக்குத் திரும்பியபின் அவர் ஒப்புக்கொள்கிறார்: கடைசி நேரத்தில் தன் கண்ணுக்கு நிஜமாகவே ஐந்து விளக்கு தெரிந்ததாக. செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று ஊரே பாடினால் முடிச்சூர்க்காரனுக்கும் ஐந்தாவது விளக்கு தெரியத்தான் செய்யும்.

2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் முடிச்சூர் தெருக்களில் மறுபடி தண்ணீர் நின்றது. டிவியில் செம்பரம்பாக்கம் நீர்மட்டம் ஓடிக்கொண்டிருந்தது.