சடையனை மறைப்பதோ?

வகுப்பில் மாணவன் ஒருவன் வினவினான்: "ஜடாவர்மன் வடநாட்டு அரசனா, ஐயா?" அவன் கையிலிருந்த நூல் அவ்வாறு எண்ணச் செய்தது.

பாண்டிய வேந்தர் சடையன், மாறன் எனும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தவர். 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி 'ஜடிலன்' என்றது. தமிழ்ப் பகுதியோ நெடுஞ்சடையன் என்றது. 11ஆம் நூற்றாண்டில் பொருநைக் கரையை ஆண்ட சோழர், பாண்டிநாட்டுக்கே 'இராசராசப் பாண்டிநாடு' எனப் பெயரிட்டனர். ஆயினும் இராசேந்திரன் இங்கு அமர்த்திய அவன் மகன் சுந்தர சோழபாண்டியன் சூடியது சடையன் பட்டமே! சோழன் இட்ட நாட்டுப்பெயர் வழக்கொழிந்தது. பாண்டியர் பட்டம் நிலைத்தது.

வென்றவனும் விலக்காத பெயரை நாம் சிதைக்கலாமா? கல்வெட்டிலுள்ளது 'கோச்சடைபன்மர்'. 'பன்மர்' வடசொற்றிரிபே, 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்றும் வேந்தரே பொறிப்பித்தனர். அது அவர்தம் பிழை, மறைப்பானேன்? ஆயினும் கல்தச்சன் சகரம் வெட்டிய இடத்தில் ஜகரம் இட்டது யார்?

அன்றே கரும்பலகையில் 'சடையன்' என எழுதினேன். "நம் ஊர்ப்பெயர் போலிருக்கிறதே!" என்றான் அம்மாணவன்.