மதிப்பெண் வேண்டாம், அவகாசம் கொடுங்கள்

2022 மே மாதம் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை டைபிரேக்கரில் வீழ்த்திவிட்டு பிரக்ஞானந்தா எழுந்தபோது நள்ளிரவு தாண்டி மணி 2. விடிந்தால் பிளஸ் 1 பொதுத்தேர்வு, காலை 8.45-க்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும். அந்த 16 வயதுப் பையனின் உழைப்பை நாடே மெச்சியது. மெச்சத் தகுந்ததுதான். ஆனால், ஒரு மாணவனின் தேர்வைச் சில வாரங்கள் தள்ளிவைக்கக்கூட வழியில்லாத ஏற்பாட்டை நாம் ஏன் இயல்பாக எடுத்துக்கொண்டோம்? இன்னொரு சதுரங்க வீரரான குகேஷின் வீட்டில் வேறு முடிவு எடுத்தார்கள். நான்காம் வகுப்போடு அவர் முழுநேரப் பள்ளியை விட்டார். 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனார். அந்தத் துணிச்சல் பலித்தது. பலிக்காமல் போனால் கையில் என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டிய குடும்பங்களே இங்கு அதிகம்.

விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் அன்றாடத்தைப் பாருங்கள். விடியுமுன் மைதானம், அவசரக் குளியல், ஒன்பது மணிக்கு வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம். இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகும். தேசியப் போட்டி குவாஹாட்டியில் என்றால் ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஐந்து நாள் போட்டி பத்து நாளைத் தின்றுவிடும். அந்தப் பத்து நாளில் பிளஸ் 2 இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் நடந்து முடிந்திருக்கும். திரும்பி வந்த பிள்ளைக்குக் கிடைப்பது பக்கத்து பெஞ்சுக்காரரின் நோட்டு மட்டுமே. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் 38 தங்கத்துடன் தமிழகம் இரண்டாமிடம் பிடித்தது. போட்டிகள் முடிந்த ஒரே மாதத்தில், மார்ச் 1 அன்று, பிளஸ் 2 பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. இடையில் செய்முறைத் தேர்வு வேறு.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு, பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் என்று இருக்கின்றன. கேரளத்தில் விளையாட்டு வீரர்களுக்குக் கருணை மதிப்பெண்ணும் உண்டு. இவையெல்லாம் ஓட்டம் முடிந்தபின் தரும் பரிசுகள். கருணை மதிப்பெண் எனக்கு உடன்பாடில்லாதது. மின்காந்தத் தூண்டலைத் தவறவிட்ட பிள்ளைக்கு அது மதிப்பெண்ணைக் கூட்டித் தரும், பாடத்தைத் தராது. பொறியியல் முதல் பருவத்தில் அந்தப் பள்ளம் மறுபடி வாய் பிளக்கும். இவர்களுக்குத் தேவை அதே பாடத்தை, அதே கடினத்தோடு, வேறு நேரத்தில் படித்து எழுதும் வாய்ப்பு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். தேசிய, சர்வதேசப் போட்டிக்குச் செல்வோருக்கு சிபிஎஸ்இ பின்னொரு தேதியில் தேர்வு நடத்துகிறது. ஜெர்மனியின் உயர்நிலை விளையாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் மேல்நிலையின் இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்றாண்டுக்கு நீட்டிக்கொள்ளலாம்.

இதற்கான கருவி நம் மாநில வாரியத்திடமே இருக்கிறது. தேர்ச்சி பெறாதவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு நடக்கிறது. தனி வினாத்தாள், தனித் திருத்தம், எல்லாம் ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. ஆனால் இன்று அந்தக் கதவு தோற்றவருக்கும் வராதவருக்கும் என்றே திறக்கிறது. மாநில அணியில் இடம்பெற்ற மாணவி, மார்ச்சில் மூன்று பாடம், ஜூலையில் மூன்று பாடம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்து, அதை உரிமையாகப் பெறும்படி அரசாணை வேண்டும்.

போலிச் சான்றிதழோடு வசதியானவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்பது வலுவான அச்சம். அதனால் சான்றிதழை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் அனுப்பும் அணிப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே சலுகை என்று வைக்கலாம். மதிப்பெண் கூடாத, தேதி மட்டும் மாறும் சலுகைக்காக ஊழல் செய்வதில் லாபமும் குறைவு. நெகிழ்வு வந்தால் படிப்பு தேய்ந்துவிடும் என்பது இன்னொரு வாதம். இன்றைய இறுக்கமான முறைதான் படிப்பைத் தேய்க்கிறது. மாநில அணி வரை வருபவர்களில் பெரும்பாலோர் இந்திய ஜெர்சி அணியப் போவதில்லை. முழங்கால் தசைநார் ஒன்று கிழிந்தால் பதினேழு வயதில் எல்லாம் முடிந்துவிடும். அவர்களுக்குப் படிப்பு வேண்டும் என்பதற்காகவே இதைக் கேட்கிறேன். ஆசிரியர்களுக்குச் சுமை கூடும் என்பது உண்மை. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் மணற்கேணி செயலியும் பாதிச் சுமையைத் தாங்கும். மீதிக்கு, விடுதிதோறும் மாலைநேர ஆசிரியர் ஒருவரை ஊதியம் கொடுத்து நியமிக்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

விளையாட்டு விடுதிகளின் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 பிள்ளைகளிடமிருந்து இதைத் தொடங்கலாம். கூடவே ஒரு முட்டுக்கட்டையையும் நீக்க வேண்டும். துணைத் தேர்வு எழுதியவர்கள் இன்று துணைக் கலந்தாய்வுக்குத்தான் போக முடியும். அங்கே இருப்பது மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய இடங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டின் 500 இடங்களில் ஒரு பகுதியை ஜூலைத் தேர்வின் முடிவு வரும்வரை நிரப்பாமல் வைத்திருக்க உயர்கல்வித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஜூலையில் எழுதும் துணிவு எந்தப் பெற்றோருக்கும் வராது.